பிரேமாக்க தூக்கு

விமலகுமாரிக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பெயர் கொக்கி சாறு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் பாடம் எடுக்கிறவர் சாறுதான். கொக்கியை மட்டும் அவளே சம்பாதித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் எழுத்தின் தலையோரம் தொங்குகிற அப்போஸ்ட்ரபி என்ற அந்தச் சின்ன வளைவை அவள் கொக்கி என்றுதான் சொல்லுவாள். வேண்டிய இடத்தில் கொக்கி இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போகும். வேண்டாத இடத்தில் இருந்தால் முழு மதிப்பெண்ணும் போகும். அழுதாலும் கிடைக்காது.

ஆனால் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரி. இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "நம்ம பேச்சுல 'க்க' வருதா பாரு" என்பாள். ராஜுக்க குடை, அக்காக்க வளையல், பூனைக்க வாலு. 'க்க' வந்தால் கொக்கி போடு. ரெண்டு குடை, நாலு வளையல் என்றால் அங்கே 'க்க' இல்லை, கொக்கியும் இல்லை. டு நாட் என்பது டோன்ட் ஆகும்போது ஓர் எழுத்து உதிர்கிறதல்லவா, உதிர்ந்த இடத்தில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். மலையாளம் மீடியம் பிள்ளைகளுக்கும் இது புரிந்தது. எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு நாக்கு ஒன்றானாலும் பேச்சு இரண்டு.

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியும் வியாதி விடவில்லை. நெய்யாற்றின்கரைக்குப் பேருந்தில் போனால் வழிநெடுகக் கடைப் பலகைகளைத் திருத்திக்கொண்டே போவாள். லேடீஸ் டெய்லரில் கொக்கி தப்பு, பேக்கரியில் கொக்கியைக் காணோம் என்று அவள் வாய் ஓயாது. கணவர் சுவாமிதாஸ் பக்கத்து இருக்கையில் யாரோ அசலூர்க்காரர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஊரிலுள்ள பலகையெல்லாம் படித்தவள், தன் சமையலறைப் பரணில் எட்டு வருடமாக இருந்த ஒரு தூக்குப் பாத்திரத்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூடியும் கைப்பிடியும் கொண்ட எவர்சில்வர் தூக்கு. அது எதிர்வீட்டுப் பிரேமகுமாரியுடையது.

ஓணத்துக்குப் பிரேமா வீட்டிலிருந்து அந்தத் தூக்கில் பாயசம் வரும். கிறிஸ்துமஸுக்கு விமலா வீட்டிலிருந்து அதே தூக்கில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் திரும்பிப் போகும். நடுவில் பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு, மீன் குழம்பு என்று என்னென்னவோ போகும், வரும். ஒன்றே ஒன்று மட்டும் கட்டாயம்: வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது. கொல்லயில் என்ற அந்த ஊரில் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒரேபோல் கடைப்பிடிக்கிற ஒழுங்கு அது. எட்டு வருடத்துக்கு முன் ஓணத்துக்குப் பாயசத்தோடு வந்த தூக்கு, அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போகவில்லை. வெறுமையாகக் கொடுக்க முடியாது. நிறைத்துக் கொடுக்க முகம் இல்லை. பரணில் ஏறிவிட்டது.

"பாயசம் வந்து எட்டு வருசம் ஆச்சு. உனக்கு இன்னும் ஜீரணமாகல்லியா?" என்று சுவாமிதாஸ் ஒருமுறை கேட்டார். அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சோற்றோடு கூட்டுக்கறி கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். பிரேமா நல்ல கைப்பக்குவக்காரி. கணவர் மோகனன் இறந்த பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துப் பலகாரம் செய்து விற்க ஒரு குழு தொடங்கினாள். ஓணம் கழிந்த வாரம் வாசகசாலை மண்டபத்தில் திறப்பு விழா. சிறப்புப் பேச்சுக்கு விமலகுமாரி சாறு. மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ். அதில் ஆங்கிலத்தில், பிரேமா'ஸ் ஸ்நாக்'ஸ்.

முதல் கொக்கி சரி, அது பிரேமாவின் கடை. இரண்டாவது கொக்கிக்கு அங்கே வேலையே இல்லை. விமலாவுக்குக் கண் உறுத்தியது. கையில் மைக்கும் எதிரில் கூட்டமும் இருந்தால் சிலருக்கு நாக்கு நிற்காது. "பிரேமா ஒரு கொக்கி அதிகமாட்டு அடிச்சிருக்கா. முறுக்கு மிஞ்சினா அதுல தொங்கப்போடலாம்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் பள்ளிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். பிரேமாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாளிலிருந்து ஊரில் அந்தக் குழுவுக்குக் கொக்கிக் கடை என்று பெயர் ஆயிற்று. ஒரு மாதத்தில் பிரேமா பலகையையும் பாக்கெட் லேபிள்களையும் மாற்றி அடித்தாள். விமலாவிடம் அவள் பேசுவதும் மாறிப்போயிற்று.

சண்டை என்று சொல்ல முடியாது. வழியில் கண்டால் ஒருத்தி "சுகமா?" என்பாள், மற்றவள் "சுகம்" என்பாள். விமலாவின் அம்மா இறந்தபோது பிரேமா வந்து ஒரு மணிநேரம் நின்றுவிட்டுப் போனாள். பேச்சு உண்டு, வர்த்தமானம் என்று உட்கார்ந்து கதை பேசுவது கிடையாது. நான் தப்பைத் தப்பு என்றுதானே சொன்னேன், இதில் என்ன குற்றம் என்று விமலா தனக்குத் தானே எட்டு வருடம் வாதாடினாள். எதிர்த்தரப்பு வக்கீல் இல்லாத வழக்கு அது, அப்படியும் ஜெயிக்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை, குழுவில் இருந்த சுகுமாரி வந்து சேதி சொன்னாள். பிரேமாவின் மகள் நந்தனா அயர்லாந்தில் நர்ஸ். அவளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. சனிக்கிழமை விடியற்காலை பிரேமா விமானம் ஏறுகிறாள். குழுவைக் கலைத்தாயிற்று. இனி எப்போது வருவாளோ, வருவாளோ மாட்டாளோ. பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியாயிற்று. "வீட்டுச் சாவி என்கிட்டத் தாறேன்னு சொல்லியிருக்கா" என்று கடைசியில் சேர்த்தாள் சுகுமாரி.

விமலாவுக்கு மற்றதைவிட அந்தச் சாவிதான் குத்திற்று. முன்பெல்லாம் பிரேமா குருவாயூர் போனாலும் மருத்துவமனை போனாலும், அவள் வீட்டுச் சாவி விமலா வீட்டு அலமாரி ஆணியில்தான் தொங்கும். அந்த ஆணி இப்போதும் இருக்கிறது, காலண்டரைத் தாங்கிக்கொண்டு.

சுகுமாரி போனதும் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து தூக்கை இறக்கினாள். எட்டு வருடப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி அது என்ன உலோகம் என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் எதையாவது நிறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புளியும் சாம்பலும் வைத்துக் குழாயடியில் குந்தித் தேய்த்தாள்.

இரண்டாவது தேய்ப்பில் தூக்கின் தோள்பட்டையில் பெயர் தெளிந்தது. உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய ஆங்கில எழுத்துகள். பிரேமா'ஸ் என்று முதல் வரி. கீழே இரண்டாவது வரியில், மீல்'ஸ்.

விமலா தண்ணீர் ஊற்றிக் கழுவி இன்னொரு முறை பார்த்தாள். எத்தனையோ ஓணத்துக்குக் கைக்கு வந்த தூக்கு, வீட்டுச் சாமான்தானே என்று ஒருநாளும் அதைப் படித்ததில்லை. விரலால் தடவினாள். எஸ்ஸுக்கு மேலே தெளிவாக ஒரு கொக்கி. வெட்டியவன் உளியைக் கொஞ்சம் அழுத்தியே வெட்டியிருந்தான். அந்த எம் எழுத்தின் முதல் கால் வெளியே நீண்டு வளைந்திருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்திதான் அப்படி எம் எழுதுவாள். இன்றைக்கும் விமலா அப்படித்தான் எழுதுகிறாள்.

ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாம் வகுப்பு வரை இருவரும் தமிழ் மீடியம். நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவு மதிப்பெண் இல்லை. நெய்யாற்றின்கரையில் ஓலைக்கொட்டகையில் நடந்த ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டியூட்டோரியலில், பி.ஏ.வுக்கு முந்தைய இரண்டு வருடப் பிரீடிகிரி சேர்ந்தார்கள். காலை ஆறரை மணி பேருந்து. ஒரே ஜன்னலோர இருக்கைக்கு இரண்டு பேரும் ஓடுவார்கள். போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி என்று ஒப்பந்தம். வகுப்பில் எல்லாரும் மலையாளத்தில் கேள்வி கேட்க, இவர்கள் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் தமிழில் கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். மழை பெய்தால் ஓலை ஒழுகும்; நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடம் கேட்பார்கள். அந்த ஒழுகலின் மணம் இப்போது குழாயடியில் அவளுக்கு வந்தது.

விமலாவின் அப்பா அப்போதே இல்லை. அம்மா முந்திரி ஆலைக்குப் போய்வந்து வீட்டில் ஒரு நேரம்தான் அடுப்பு எரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிரேமாவும் கேட்டதில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே பிரேமாவின் தூக்கு பெரிதாகிவிட்டது. அப்பா வேலாயுதனிடம் அழுது புதிதாக வாங்கிய எவர்சில்வர் தூக்கு. மரச்சீனியும் மீன் குழம்பும், சில நாள் சோறும் சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலும். மத்தியானம் மூடியில் ஒருத்திக்கு, தூக்கில் ஒருத்திக்கு. "அம்மைக்கு அளவு தெரியாது, எப்பளும் கூடிப்போவுது" என்று தினமும் ஒரே பொய்யைச் சொல்லுவாள் பிரேமா. இரண்டு வருடம் விமலா அந்தத் தூக்கில் சாப்பிட்டாள். பசியில்லாமல் படித்தாள்.

பதிலுக்கு அவளிடம் கொடுக்க ஆங்கிலம்தான் இருந்தது. பிரேமாவுக்கு ஆங்கிலம் என்றாலே காய்ச்சல் வரும். மாலை பேருந்துக்கு நிற்கும்போது நோட்டை விரித்து விமலா பாடம் நடத்துவாள். பதினேழு வயதில் அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் துணிச்சல் நிறைய. "கடைசியில எஸ் வந்தாப் போதும், கண்ணை மூடிட்டு ஒரு கொக்கி போட்டுடு" என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான். கொக்கி என்ற பெயரையும் அந்தப் பேருந்து நிறுத்தத்தில்தான் வைத்தாள்.

கொட்டகை ஜன்னலில் பத்துத் தூக்கு வரிசையாக இருக்கும். ஒருநாள் யாரோ பிரேமாவின் தூக்கை மாற்றி எடுத்துப் போய், மறுநாள்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்காக வேலாயுதன் இரண்டு பேரையும் பாறசாலைச் சந்தைக்கு, பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கூட்டிப்போனார். தமிழா மலையாளமா என்று கேட்டார் வெட்டுகிறவர். இங்கிலீஷ் என்றாள் பிரேமா. விமலாவின் கையில் காகிதத்தைக் கொடுத்தார் வேலாயுதன். அவள் எழுதிக் கொடுத்தாள். இதற்கு மேலே இருக்கிற வளைவும் வேணுமா மோளே என்று வெட்டுகிறவர் கேட்டபோது, ரெண்டு எஸ்ஸுக்கு ரெண்டு கொக்கி என்று தான் அதிகாரமாகச் சொன்னது இப்போது காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பிரேமாவின் முகத்தில் என்ன ஒரு பெருமை.

பி.ஏ. இரண்டாம் வருடத்தில்தான் அவளுக்குச் சரியான விதி தெரிந்தது. தெரிந்த அன்றைக்குச் சாலையைக் கடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரேமா அதற்குள் படிப்பை விட்டிருந்தாள், கல்யாணமும் ஆகியிருந்தது. இனி அவளுக்கு எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றக்கூட இல்லை, அதுதான் உண்மை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முப்பது வருடம் திருத்திக் கொடுத்தவள், தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒருத்தியை மறந்தே போனாள். பிறகு மேடையேறி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

விமலாவுக்கு அழுகை வந்தது. சுவாமிதாஸ் எட்டிப் பார்த்து, குழாயை அடைத்துவிட்டுப் போனார்.

வியாழன் முழுக்க முந்திரிக்கொத்து பிடித்தாள். சிறுபயற்றை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்து மாவில் முக்கிப் பொரிக்க வேண்டும். வாரக்கணக்கில் கெடாது, கடல் கடந்தும் போகும். ஆனால் அவள் பாகு எப்போதுமே சரியாக வராது. பாதி உருண்டை எண்ணெயில் பிரிந்து மிதந்தது. பலகாரக்காரிக்கு இதையா கொண்டுபோவது என்று யோசித்தாள். பரவாயில்லை, இந்த ஒரு விஷயத்திலாவது அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று உடையாததைப் பொறுக்கித் தூக்கை நிறைத்தாள்.

பிரேமாவைத் தனியாகப் பிடித்து அடுக்களையில் வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படலைத் தள்ளிக்கொண்டு போனால், முற்றம் நிறைய ஆள். குழுவில் இருந்த பெண்கள் எல்லாரும் வழியனுப்ப வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாலில்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் சிரித்த அதே முகங்கள். விமலாவைக் கண்டதும் எல்லாரும் திரும்பினார்கள். அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்ததும் பிரேமா எழுந்து நின்றாள்.

"கேறி வா" என்று உள்ளே கூப்பிட்டாள் பிரேமா.

சும்மா தூக்கைக் கொடுத்து, சுகமாகப் போய்வா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பிரேமாவிடம் பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம். விமலாவின் கால் படியில் நின்றது. மேடையில் சொன்னதை அடுக்களையில் திருத்தினால் அது திருத்தமா என்று அவளுக்குள் இருந்த சாறு கேட்டாள்.

அவள் தூக்கைப் பெயர் தெரியும்படி திருப்பிப் பிடித்தாள். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணைக்கு மேடையில ஒரு கொக்கியச் சொல்லி நான் சிரிச்சேன், நீங்க எல்லாரும் சிரிச்சிய. அந்தக் கொக்கி பிரேமாக்க இல்ல. எனக்கதாக்கும். பிரீடிகிரி படிக்கும்போ நான்தான் அவளுக்குத் தப்பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். இந்தா, இதுல வெட்டியிருக்குது. என் கையெழுத்தாக்கும். அவ சோத்தத் தின்னுட்டு நான் சொல்லிக் கொடுத்தது."

சுகுமாரி கண்ணாடி இல்லாமல் தூக்கின் பக்கம் குனிந்து எதையோ தேடினாள்.

பிரேமா நிதானமாக வந்து தூக்கை வாங்கினாள். கொக்கியின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"ஃபிளெக்ஸ் கடைக்காரன் அப்பமே சொன்னான், சேச்சி இந்த ரெண்டாவது குத்து வேண்டாம்னு. நான்தான் விடல்ல. விமலா சொல்லித் தந்ததாக்கும், நீ அடின்னு சொன்னேன்."

விமலா அவளையே பார்த்தாள். "அப்பம் மேடையில வச்சே சொல்லியிருக்கலாமில்லியா, பிரேமா? நீ சொல்லித் தந்ததுதானேன்னு."

"ஒனக்க பிள்ளிய எல்லாம் முன்னால இருந்துதுல்லா. சாறுக்க முகம் என்னத்துக்கு ஆகும்?" என்றாள் பிரேமா. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "சிரிச்சதுக்கு எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லட்டி. நான் ஒவ்வொண்ணும் ஓர்மை வச்சிருக்கேன். நீ மறந்துபோனல்லா, அதாக்கும்."

விமலா கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிரேமா விலக்கவில்லை.

மூடியைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தாள் பிரேமா. எடுக்கும்போதே அது மூன்றாகப் பிரிந்தது. "பாகு பதம் வரல்ல" என்றாள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பெட்டியில் வைத்து நந்தனாவுக்குக் கொண்டுபோகிறேன் என்று அடுக்களைக்குள் போனாள். பெண்கள் மறுபடியும் சாயாவை எடுத்தார்கள். சுகுமாரி நகர்ந்து விமலாவுக்கு ஒரு நாற்காலி விட்டாள்.

உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. சாக்குகளை நகர்த்துகிற சத்தமும், வெறும் டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தமும் கேட்டது. விமலாவுக்குப் புரிந்தது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாள், போட்டுக் கொடுக்க வீட்டில் ஒரு பிடி அரிசிகூட மிச்சமில்லை.

ஒருவழியாகப் பிரேமா தூக்கோடு வந்தாள். மூடியை அழுத்தி மூடியிருந்தாள்.

"இத அங்க கொண்டுபோய் நான் என்ன செய்ய. நீயே வச்சோ" என்று விமலாவின் கையில் கொடுத்தாள்.

எடை இல்லை. ஆனால் வாங்கும்போது உள்ளே ஏதோ உருண்டு கலகலத்தது. சுகுமாரிக்கு அந்தச் சத்தம் விளங்கிவிட்டது. அவள் கையிலிருந்த சாயா டம்ளர் பாதி வழியில் நின்றது. விமலா மூடியைத் திறந்தாள். அடியில், கறுத்த நூல் கட்டிய அந்தப் பழைய வீட்டுச் சாவி கிடந்தது.

"வாரம் ஒருக்கா திறந்து தூத்துப் போடு" என்றாள் பிரேமா. "அடுத்த ஓணத்துக்கு வாறேன். வெறும் பாத்திரமாட்டு தரப்பிடாது, கேட்டியா."

விமலா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரி ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி எடுத்தாள்.